மகசீர்: ஒரு மீன்பெயரின் வரலாறும் காவிரியின் பாதுகாப்பும்

முன்னுரை

ஆற்றுச் சூழலியல் நீரையும் உயிரினங்களையும் ஆராயும் துறை என்றும், பெயரிடல் மொழியியலுக்குரிய பொருள் என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. இப்பாகுபாடு எப்பொழுதும் பொருந்துவதில்லை என்பதற்குக் காவிரியின் கூனல் மகசீர் மீன் தக்க சான்றாகும். 1946-ஆம் ஆண்டு மைசூருவை அடுத்த கபினி ஆற்றில் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோகிராம், எடையுள்ள மகசீர் ஒன்று தூண்டிலில் அகப்பட்டது. அதனைப் பிடித்தவர் விலங்குடல் பதப்படுத்தும் தொழிலால் புகழ்பெற்ற மைசூரு வான் இங்கன் குடும்பத்தைச் சார்ந்தவர். தூண்டில் வேட்டை பற்றிய நூல்களில் இம்மீன் திரும்பத் திரும்பக் குறிப்பிடப்படுகிறது. ஆயினும் இத்துணைப் பெயர்பெற்ற மீனுக்கு உரிய அறிவியற்பெயர் எது என்பது 2018-ஆம் ஆண்டு வரை உறுதிப்படவில்லை. இப்பெயரின்மை வெறும் வகைப்பாட்டுக் குறையாக நின்றுவிடாமல், மீனின் அழிவிற்கும் துணைசெய்தது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. வழக்குப்பெயர்கள்

‘மகசீர்’ என்பது வட இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்தின் வழியே தென்னாட்டிற்கு வந்த சொல். இதன் மூலம் குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. பெருந்தலை என்னும் பொருளில் ‘மகா’, ‘சிர’ என்பவற்றோடு தொடர்புபடுத்துவோர் உளர். பாரசீக மொழியில் மீனையும் புலியையும் குறிக்கும் சொற்களின் சேர்க்கை என்போரும், பெருஞ்செதில் எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு என்போரும் உளர். மூலம் எதுவாயினும், இது தனியொரு மீனின் பெயரன்று. பெருஞ்செதில் கொண்ட ஆற்றுக் கெண்டைகள் பலவற்றிற்குப் பொதுவான பெயராகும்.

காவிரிக் கரையில் வேறு பெயர்கள் வழங்கின. கன்னடத்தில் இது ‘பிளிமீனு’ எனப்படும். ‘பிளி’ என்பது தமிழின் ‘வெள்’ என்னும் அடியோடு இனமானது. மொழிமுதல் வகரம் கன்னடத்தில் பகரமாதல் திராவிட ஒப்பியலார் நன்கறிந்த மாற்றம். தமிழில் ‘பொம்மீன்’, ‘பூமீன் கெண்டை’ ஆகிய பெயர்கள் ஆங்கிலேயர் கால மீனியல் நூல்களில் இடம்பெற்றுள்ளன. பெயர் சுட்டாமலே பாதுகாக்கும் மரபும் இவ்வாற்றில் இருந்தது. ஹாசன் மாவட்டத்து இராமநாதபுரத்தில் காவிரியின் ஒரு பகுதி கோயிலைச் சார்ந்த மீன் காப்பிடமாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. அங்கு எந்த மீன் என்ற வினாவிற்கு இடமில்லை. அப்பகுதி நீரில் வாழும் மீன்கள் அனைத்தும் காக்கப்பட்டன.

2. அறிவியற்பெயர்கள்

மகசீர்களின் அறிவியற்பெயர் வரலாறு எதிர்பாராத வகையில் மைசூர் நாட்டுடன் தொடர்புடையது. 1800–1801-ஆம் ஆண்டுகளில் மைசூர், கன்னடம், மலபார் பகுதிகளில் பயணம் செய்து விரிவான குறிப்புகள் தந்த பிரான்சிஸ் புக்கானன், பிற்காலத்தில் ஹாமில்டன் என்னும் பெயர் பூண்டு 1822-இல் கங்கை மீன்கள் பற்றிய நூலை வெளியிட்டார். வங்காளப் பகுதி மக்களிடையே வழங்கிய பெயர்களையே அவர் பல மீன்களுக்குச் சிற்றினப் பெயர்களாக்கினார். ‘ரோகித’, ‘கட்லா’, ‘மிருகால’ என்பன அவ்வாறு அமைந்தவை. ‘டோர்’ என்பதும் அவற்றுள் ஒன்று. பின்னர் ஜான் எட்வர்ட் கிரே அதனைப் பேரினப் பெயராக உயர்த்தினார்.

தக்காணத்தில் பணிபுரிந்த படை அலுவலரான சைக்ஸ், 1839-இல் வெளிவந்த தம் ஆய்வில் இதே முறையைக் கையாண்டார். மராத்தி வழக்கிலிருந்து ‘குத்ரி’, ‘முசுல்லா’ என்னும் பெயர்களை அவர் எடுத்தாண்டார். இவ்விரு மீன்களும் கிருஷ்ணை ஆற்றுத் தொகுதியைச் சார்ந்தவை. ஆனால் பிற்கால ஆய்வாளர்கள் முதுகில் கூன் கொண்ட மகசீருக்கு ‘முசுல்லா’ என்னும் பெயரைப் பொருத்தினர். சுந்தர் லால் ஹோரா 1943-இல் கொண்ட கருத்தும் இதுவே. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், 2013-இல் நடைபெற்ற மறு ஆய்வு, சைக்ஸ் விளக்கிய முசுல்லா மகசீரே அன்று, வேறொரு கெண்டைப் பேரினத்தைச் சார்ந்தது என நிறுவியது. அதன் விளைவாகக் காவிரியின் கூனல் மகசீர் இரவலாகப் பெற்றிருந்த பெயரையும் இழந்தது.

3. ஒரு பெயருள் இரு மீன்கள்

இந்நிலையின் விளைவை ஆற்றில் காணலாம். 1911-இல் கண்ணம்பாடியில் தொடங்கப்பட்ட கிருஷ்ணராஜசாகர் அணை, 1934-இல் நிறைவுற்ற மேட்டூர் அணை, 1974-இல் எழுந்த கபினி அணை ஆகியவை ஆற்றின் தொடர்ச்சியைத் துண்டித்தன. இனப்பெருக்கத்திற்காக மேல்நோக்கிச் செல்லும் பெருமீன்களுக்கு இது தடையாயிற்று. மணல் அள்ளுதலும் வெடிவைத்து மீன்பிடித்தலும் இழப்பைப் பெருக்கின.

மகசீர் குறைந்துவருவது கண்டு அதனைப் பெருக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் டாட்டா மின் நிறுவனத்தின் மீன் பண்ணையில் 1970-களிலிருந்து மகசீர்க் குஞ்சுகள் செயற்கை முறையில் பெருக்கப்பட்டன. பல நீர்நிலைகளில் விடப்பட்ட இக்குஞ்சுகள் காவிரியையும் அடைந்தன. நோக்கம் நன்று, ஆயின் பெருக்கப்பட்டது சைக்ஸின் ‘குத்ரி’, அதாவது கிருஷ்ணைத் தொகுதியின் நீலத்துடுப்பு மகசீர். காவிரிக்கேயுரிய கூனல் மகசீர் அன்று. ‘மகசீர்’ என்னும் பொதுப்பெயர் இவ்விரண்டையும் ஒன்றாகவே காட்டியதால், ஒன்றை விடுவது மற்றொன்றைக் காப்பதாகவே தோன்றியது.

இதன் விளைவை வெளிப்படுத்தியவை தூண்டிற்காரர்களின் பதிவேடுகள். காவிரியின் நடுப்பகுதியில் கலிபோரே போன்ற முகாம்களில், பிடித்த மீனை எடையிட்டு மீண்டும் ஆற்றில் விடும் முறை வழக்கத்திலிருந்தது. 1998 முதல் 2012 வரை அங்குப் பதியப்பட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மகசீர்கள் பற்றிய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. மகசீர் என்று பொதுவாக எண்ணினால் மீன்வளம் பெருகியிருந்தது. இரு வகைகளையும் பிரித்து எண்ணியபோதோ, நீலத்துடுப்பு பெருகிக் கூனல் மகசீர் அரிதாகிவிட்டமை புலனாயிற்று. காப்புப் பகுதிக்குள் தூண்டிலிடுதலும் சட்டத்திலுள்ள ‘வேட்டை’ என்னும் சொல்லின் பொருளில் அடங்கும் எனக் கொள்ளப்பட்டமையால் முகாம்களில் தூண்டிலிடுதல் நின்றது. அதனோடு இப்பதிவும் முடிவுற்றது. ஒரு சொல்லின் பொருள் வரையறை ஆய்வின் தரவையே நிறுத்தக்கூடும் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

4. பெயர் பெற்ற பின்

2018-இல் ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலியோர், தமிழகத்து மோயாற்றில் கிடைத்த கூனல் மகசீர்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்தனர். அவை ‘டோர் ரெமாதேவியி’ என முன்னரே விளக்கப்பட்ட இனத்தோடு ஒத்தன. அவ்வினத்தைக் கேரளத்தின் பாம்பாற்றுத் தொகுதியில் கிடைத்த, முழு வளர்ச்சி எய்தாத மீன்களைக் கொண்டு குருப்பும் ராதாகிருஷ்ணனும் விளக்கியிருந்தனர். பாம்பாறு கிழக்கு நோக்கி ஓடி அமராவதி வழியாகக் காவிரியில் கலப்பது. எனவே பெயர் ஒரு கிளையாற்றிலும் பெருமீன் மற்றோர் ஆற்றிலுமாகப் பிரிந்து கிடந்தன எனலாம்.

இப்பெயர் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் பெண் அறிஞர் ரெமா தேவியைச் சிறப்பிப்பது. இலத்தீன மரபில் பெண்டிர் பெயரோடு ‘ஏ’ என்னும் ஈறும் ஆடவர் பெயரோடு ‘இ’ என்னும் ஈறும் சேர்வது இயல்பு. இங்கு ஆண்பால் ஈறே அமைந்துள்ளது; எனினும் முதலில் வெளியான வடிவமே வழக்கில் நிற்கிறது. பெயர் உறுதிப்பட்ட அதே 2018-ஆம் ஆண்டில், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் வரிசையில் இம்மீன் சேர்க்கப்பட்டது. பெயரின்றிப் பட்டியலில் இடமில்லை. பட்டியலில் இடமின்றித் தனிப் பாதுகாப்பைக் கோருதல் அரிது.

5. மொழிபெயர்ப்பு நோக்கு

இவ்வரலாறு மொழிபெயர்ப்பாளர்க்கும் பயன் தருவது. சேல், கயல், கெண்டை ஆகியன இலக்கியத்தில் கண்ணுக்கு உவமையாக நிற்பவை. ஆங்கிலத்தில் அனைத்தையும் ஒரே சொல்லால் பெயர்த்தல் அங்குப் பெருங்குறையாகத் தோன்றாது. சூழலியல் நூலில் அதே முறையைக் கையாண்டால் இனவேறுபாடு மறைந்துவிடும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தலும் தீர்வாகாது. கன்னடப் ‘பிளிமீனு’ என்பதை ‘வெண்மீன்’ என்று தமிழாக்கினால், பண்டை இலக்கியம் பயின்றவர் வெள்ளிக் கோளையே நினைப்பர். ‘மகசீர்’ என்று மட்டும் எழுதினால், காவிரியில் நிகழ்ந்த பிழை எழுத்திலும் நிகழும். ‘காவிரிக் கூனல் மகசீர்’, ‘நீலத்துடுப்பு மகசீர்’ என அடைகொடுத்து வழங்குவதும், கரையோர மக்களின் பெயர்களை இடக்குறிப்புடன் தொகுப்பதும் ஏற்ற வழிகளாகும்.

முடிவுரை

ஹாமில்டனும் சைக்ஸும் மக்கள் வழக்கிலிருந்து பெயர்களைப் பெற்று அறிவியலுக்கு அளித்தனர். அப்பெயர்கள் தம் ஆற்றை விட்டு வேறோர் ஆற்று மீனுக்கு ஏறியபோது குழப்பம் தோன்றியது. பொதுப்பெயர் ஒன்று இரு இனங்களை மூடி மறைத்தபோது அக்குழப்பம் ஆற்றிலேயே இழப்பாக முடிந்தது. காவிரித் தொகுதியின் நன்னீர் உயிர்களைக் காக்கும் பணியில் அவற்றின் பெயர்களைப் பிரித்தறிந்து பதிவுசெய்வதும் ஒரு பகுதியாகும். அப்பகுதி மொழியியலார்க்குரியது.