எல்லாருக்கும் திறந்த களம்: மச் வென்லாக் ஒலிம்பியன் விழா

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், வேல்ஸ் எல்லையிலிருந்து சற்றுத் தொலைவில், மச் வென்லாக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் வயல்களும் சுண்ணாம்புக்கல் குவாரிகளும் கொண்ட இந்த ஊரில் 1850ஆம் ஆண்டு ஒலிம்பியன் விளையாட்டு விழா தொடங்கியது. ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடப்பதற்கு 46 ஆண்டுகள் முன்பே, இந்த ஊரின் உழவர்களும் கல்லுடைப்பவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒலிம்பியன் என்ற பெயரில் ஓடியும் தாண்டியும் பரிசு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

விழாவைத் தொடங்கியவர் மருத்துவர் வில்லியம் பென்னி புரூக்ஸ். 1809இல் இதே ஊரில் பிறந்தவர். தந்தையும் மருத்துவரே. லண்டனிலும் பாரிஸிலும் இத்தாலியின் பாதுவாவிலும் படித்த புரூக்ஸ், தந்தை இறந்ததால் 1831இல் ஊர் திரும்பி அவருடைய தொழிலை ஏற்றார். பிறகு அமைதி நீதிபதியாகவும் பொறுப்பு வகித்தார். நோயாளிகளின் வீட்டிலும் நீதிமன்றத்திலும் அவர் சந்தித்தது பெரும்பாலும் ஒரே மக்களைத்தான். நாள் முழுக்க உழைத்து, ஓய்வு கிடைத்தால் சாராயக் கடையைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவர்கள் அவர்கள். குற்றத்துக்குத் தண்டனை விதிப்பதைவிட ஓய்வு நேரத்துக்கு ஒரு நல்ல வழி காட்டுவதே பயன் தரும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

முதலில் அவர் அமைத்தது விளையாட்டுக் களமல்ல, நூலகம். 1841இல் வேளாண் வாசிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, உழைக்கும் மக்கள் புத்தகங்களை இரவல் பெற வழிசெய்தார். கலை, இசை, தாவரவியல் என்று ஆர்வத்துக்கு ஏற்ற வகுப்புகள் அந்தச் சங்கத்திலிருந்து கிளைத்தன. 1850 பிப்ரவரியில் அவற்றோடு ஒலிம்பியன் வகுப்பும் சேர்ந்தது. வென்லாக் மக்களின், சிறப்பாக உழைக்கும் வர்க்கத்தாரின், ஒழுக்கமும் உடலும் அறிவும் மேம்படத் திறந்தவெளி விளையாட்டை ஊக்குவிப்பதும், ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் பரிசு வழங்குவதும் அதன் நோக்கங்கள். வாசிப்பு இயக்கம் ஒன்றின் கிளையாகவே விளையாட்டு விழா பிறந்தது என்பதை நினைவில் கொள்ளாவிட்டால் இந்த விழாவின் தன்மை பிடிபடாது.

முதல் விழா 1850 அக்டோபர் 22, 23 தேதிகளில் ஊர்ப் பந்தய மைதானத்தில் நடந்தது. ஓட்டமும் தாண்டுதலும் இருந்தன. கிரிக்கெட், கால்பந்து, வளையம் எறிதல் ஆகியவையும் இருந்தன. கிரேக்கத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட புரூக்ஸ், விளையாட்டுகளைத் தம் ஊர்த் திருவிழாக்களிலிருந்தே எடுத்தார். அந்தத் தொடக்க ஆண்டுகளில் கண்ணைக் கட்டிக்கொண்டு தள்ளுவண்டி ஓட்டும் பந்தயமும், ஒரு பவுண்டு தேயிலைக்காக மூதாட்டிகள் ஓடும் ஓட்டமும் நடந்தன. அன்றைய ஏழைக் குடும்பத்தில் தேயிலை விலையுயர்ந்த பொருள். ஆகவே பாட்டிமார் அதற்காக மனதார ஓடினார்கள். வேடிக்கைப் பந்தயங்கள் காலப்போக்கில் குறைந்து முறையான தடகளம் வளர்ந்தாலும், வயதையோ தொழிலையோ காரணம் காட்டி யாரையும் ஒதுக்காத அந்த முதல் விழாவின் மனப்பாங்கு பின்னாளிலும் மாறவில்லை.

விழாவை வெறும் போட்டி நாளாக அல்லாமல் ஊர் முழுவதும் பங்கேற்கும் நிகழ்ச்சியாகவே புரூக்ஸ் வடிவமைத்தார். தெருக்கள் அலங்கரிக்கப்பட்டன. பேண்டு வாத்தியம் முன்செல்ல, கொடி பிடித்தவர்களும் நடுவர்களும் போட்டியாளர்களும் ஊர்வலமாக மைதானத்துக்கு நடந்தார்கள். நேற்றுவரை தெருவில் ஊரார் கண்டும் காணாமல் போன தொழிலாளி அன்று ஊர் முழுவதும் பார்க்க நடந்து வந்தான். அந்த மரியாதை பதக்கத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. 1858 முதல் குதிரைவீரர்களின் வளையக் கோப்புப் போட்டி விழாவின் சிகரமாயிற்று. பாய்ந்து வரும் குதிரையிலிருந்தபடி, குறுக்குச் சட்டத்தில் தொங்கும் சிறு வளையத்தை ஈட்டி முனையால் கோத்தெடுக்க வேண்டும். வென்றவருக்கு லாரல் இலை மகுடம் சூட்டப்பட்டது.

சிறுவர் சிறுமியருக்கு விழாவில் தனியிடம் இருந்தது. ஓட்டப்பந்தயத்தோடு கணக்கு, எழுத்துக்கூட்டல், ஒப்புவித்தல் ஆகியவற்றிலும் பின்னல், தையல் வேலைகளிலும் அவர்களுக்குப் பரிசு கொடுக்கப்பட்டது. ஓட முடியாத பிள்ளை கணக்கில் முந்தலாம். கணக்கு வராத பிள்ளை களத்தில் முந்தலாம். ஊரார் முன்னிலையில் கைதட்டல் வாங்க ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு வழி திறந்திருந்தது.

இடத்தேர்விலும் புரூக்ஸுக்கு நல்ல கண் இருந்தது. விழா பிறகு நிலையாக அமைந்த மைதானம் லிண்டன் ஃபீல்டு என்று இன்று அழைக்கப்படுகிறது. அதன் ஓரத்தில் எழும் காற்றாலைக் குன்றின் சரிவே பார்வையாளர் மாடமாயிற்று. 1862இல் ஊருக்கு ரயில் வந்தது. அந்த ரயில் நிறுவனத்தின் இயக்குநர்களில் புரூக்ஸும் ஒருவர். நிலையம் மைதானத்துக்கு அருகிலேயே அமைந்ததால் வெளியூர்க் கூட்டம் எளிதாக வந்து சேர்ந்தது. 1869இல் மைதானத்தை ஒட்டி நடப்பட்ட லிண்டன் மரங்கள் இன்று நிழல் தரும் நடைபாதையாக நிற்கின்றன.

வாசிப்புச் சங்கத்திலிருந்து பிரிந்து, ஒலிம்பியன் வகுப்பு 1860இல் வென்லாக் ஒலிம்பியன் சங்கம் ஆனது. அதே காலத்தில் இங்கிலாந்து முழுவதும் ஒரு கேள்வி சூடுபிடித்தது: களத்தில் இறங்கும் உரிமை யாருக்கு? 1862இல் லிவர்பூலில் தொடங்கிய ஒலிம்பிக் விழா கனவான்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. கூலிக்காகவோ பணப்பரிசுக்காகவோ விளையாடாதவரே அமெச்சூர் என்பது பொதுக்கருத்து. ஆனால் மேல்தட்டார் அதோடு நிற்கவில்லை. 1866இல் லண்டனில் உருவான அமெச்சூர் தடகளக் கழகம் இயந்திரத் தொழிலாளர், கைவினைஞர், கூலியாள் ஆகியோரை அமெச்சூர் வரையறைக்கு வெளியே வைத்தது. உடலுழைப்பால் தசை முறுக்கேறியவனோடு மேசைக்கு முன் அமர்ந்து பிழைப்பவன் மோதுவது நியாயமல்ல என்பது இத்தகைய விலக்குக்குச் சொல்லப்பட்ட சமாதானம்.

நியாயம் என்ற சொல்லையே விலக்கி வைப்பதற்குக் கருவியாக்கிய வாதம் இது. பயிற்சிக்கு நேரமும் நல்ல உணவும் வசதியான உடையும் ஒருவனுக்குத் தரும் அனுகூலம் அந்தக் கணக்கில் வரவேயில்லை. பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வருபவனின் களைப்பும் வரவில்லை. புரூக்ஸின் நிலைப்பாடு நேர் எதிரானது. எந்தத் தரத்து மனிதரும் போட்டியிடலாம். விதியும் நடுவரும் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் போதும் என்பதே அவர் வழி. விழாவின் போட்டிகளில் சில உள்ளூராருக்கென்றும் சில வெளியூராருக்கும் திறந்தவை என்றும் வகுக்கப்பட்டதால், தேர்ந்த ஓட்டக்காரர்கள் வந்து எல்லாப் பரிசையும் அள்ளிக்கொண்டு போகும் நிலையும் தவிர்க்கப்பட்டது. நியாயத்தைச் சமூகத் தகுதியில் தேடாமல் போட்டியின் அமைப்பில் தேடியதுதான் அவருடைய மிகப் பெரிய பங்களிப்பு.

இந்தக் கொள்கையை ஊருக்கு வெளியேயும் அவர் கொண்டு சென்றார். 1861இல் வெலிங்டனில் ஷ்ராப்ஷயர் அளவிலான ஒலிம்பியன் விழா நடந்தது. 1865இல் லிவர்பூலின் ஜான் ஹல்லி, லண்டன் ஜெர்மன் உடற்பயிற்சிச் சங்கத்தின் ஏர்ன்ஸ்ட் ராவன்ஸ்டைன் ஆகியோரோடு சேர்ந்து தேசிய ஒலிம்பியன் சங்கத்தை நிறுவினார். அதன் முதல் விழா அடுத்த ஆண்டு கோடையில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்தது. 440 கஜத் தடை ஓட்டத்தில் வென்றவர் 18 வயது டபிள்யூ. ஜி. கிரேஸ். ஓவல் மைதானத்தில் சர்ரே அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 224 ஓட்டங்கள் குவித்திருந்த அந்தக் கிரிக்கெட் இளைஞர், அணித்தலைவரிடம் அனுமதி பெற்று ஆட்டத்தின் நடுவிலேயே ஓட வந்திருந்தார். விழா சிறப்பாக நடந்தாலும் சங்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. பணமும் செல்வாக்கும் கனவான் கழகங்களின் பக்கம் இருந்தன. 1883க்குப் பிறகு தேசிய விழா நடக்கவில்லை. ஆனால் 1880இல் உருவான அமெச்சூர் தடகளச் சங்கம் தொழிலாளர் விலக்கைக் கைவிட்டபோது, புரூக்ஸ் முன்வைத்த நியாயமே பொது விதியானது.

கிரேக்கத்தோடும் வென்லாக்குக்கு நேரடித் தொடர்பு இருந்தது. செல்வந்தர் எவாங்கெலிஸ் ஜாப்பாஸின் கொடையால் 1859இல் ஏதென்ஸில் விளையாட்டு விழா நடப்பதை அறிந்ததும் வென்லாக்கிலிருந்து 10 பவுண்டு பரிசுத்தொகை அனுப்பப்பட்டது. நீண்ட ஓட்டத்தில் வென்று அதைப் பெற்றவர் ஸ்மிர்னாவின் பெட்ரோஸ் வெலிசாரியோஸ். வென்லாக் சங்கம் அவரைக் கௌரவ உறுப்பினராக்கிக்கொண்டது. ஏதென்ஸிலும் அதே சச்சரவு எழுந்தது. 1870 விழாவில் தொழிலாளர்கள் வென்றது மேல்தட்டாருக்குப் பொறுக்கவில்லை. 1875 விழா மாணவர்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. சர்வதேச ஒலிம்பியன் விழா ஒன்றை ஏதென்ஸில் நடத்தலாம் என்று 1880களின் தொடக்கத்தில் புரூக்ஸ் கிரேக்கத் தரப்பிடம் வலியுறுத்தியபோது அது கைகூடவில்லை.

ஆண்டுக்கு இரண்டு நாள் விழா பிள்ளைகளின் உடல்நலத்துக்குப் போதாது என்பதும் மருத்துவரான அவருக்குத் தெரிந்திருந்தது. தொடக்கப்பள்ளிகளில் உடற்பயிற்சி கட்டாயப் பாடமாக வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். 1871இல் வென்லாக் பள்ளியில் ஒரு சோதனை நடத்தினார். சில சிறுவர்களுக்கு வெறும் அணிநடைப் பயிற்சி. வேறு சிலருக்கு அதோடு கர்லாக்கட்டை, கம்பி விளையாட்டு முதலியன. சில மாதங்கள் கழித்து மார்புச் சுற்றளவை அளந்தபோது இரண்டாம் குழுவின் வளர்ச்சி தெளிவாக மேலோங்கியிருந்தது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் நம் மல்லர்களிடம் கண்டு கொண்டுபோன கர்லாக்கட்டை, ஓர் ஆங்கிலக் கிராமப் பள்ளியில் அப்படிச் சாட்சி சொன்னது.

1889இல் பிரான்சின் பியர் தெ குபெர்த்தின் உடற்கல்வி பற்றித் தகவல் கேட்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் அறிவிப்பு வெளியிட்டார். புரூக்ஸ் பதில் எழுதினார், அழைப்பும் விடுத்தார். 1890 அக்டோபரில் வந்த விருந்தினருக்காகச் சிறப்பு விழா நடந்தது. 81 வயது மருத்துவரின் விருந்தினரான 27 வயது பிரபு மைதானத்தில் ஓக் மரம் நட்டார். ஊர்வலமும் மகுடமும் கொடிகளும் குபெர்த்தினின் மனதைக் கவர்ந்தன. ஒலிம்பிக் விளையாட்டு இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் புரூக்ஸே என்ற கருத்தில் அவர் அந்த ஆண்டே எழுதினார். 1894இல் பாரிஸின் சோர்போனில் கூடிய மாநாட்டுக்குப் புரூக்ஸும் அழைக்கப்பட்டார்; உடல்நலக் குறைவால் போக இயலவில்லை. 1895 டிசம்பரில் அவர் காலமானார். ஏதென்ஸ் ஒலிம்பிக் நான்கே மாதத்தில் தொடங்கியது. பின்னாளில் குபெர்த்தினின் புகழ் ஓங்க, வென்லாக் மருத்துவரின் பெயர் வெகுகாலம் மங்கிக்கிடந்தது வருத்தத்துக்குரியது.

அந்தக் கடன் நூறாண்டு கழித்தே ஓரளவு தீர்ந்தது. 1994இல் சர்வதேச ஒலிம்பிக் குழுத் தலைவர் ஹுவான் அன்டோனியோ சமராஞ்ச் வென்லாக்குக்கு வந்து புரூக்ஸின் கல்லறையில் மலர் வளையம் வைத்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் சின்னப் பாத்திரத்துக்கு வென்லாக் என்று பெயரிடப்பட்டது. சிறுமியாக இந்த விழாவில் அம்பெய்த அலிசன் வில்லியம்சன் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். லிண்டன் ஃபீல்டை ஒட்டியுள்ள பள்ளி வில்லியம் புரூக்ஸின் பெயரைத் தாங்குகிறது. வென்லாக் ஒலிம்பியன் சங்கம் இன்றும் ஜூலையில் தடகளம், வில்வித்தை முதலிய போட்டிகளைத் தன்னார்வலர்களின் உழைப்பில் நடத்துகிறது. இளையோருக்கான கலைப் போட்டிகளும் அதன் விழாவில் இடம்பெறுகின்றன.