உப்புக்காற்றும் மின்பலகையும்

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியை ஒட்டிக் கிடக்கும் கடற்கரைக் கிராமம் உப்புவெளி. இரண்டாம் உலகப் போரில் மடிந்தோரின் கல்லறைகளாலும் உல்லாசப் பயணிகளின் விடுதிகளாலும் வெளியுலகம் இவ்வூரை அறியும். ஊரில் குடியிருப்போருக்கோ பெயரின் முற்பாதியே நாளாந்த அனுபவம். கதவின் பிணைச்சல், சைக்கிள் சங்கிலி, தையல் இயந்திரம் என எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. இப்போது அந்தப் பட்டியலில் சலவை இயந்திரத்தின் மின்பலகையும் சேர்ந்துவிட்டது.

இதன் காரணம் எளிமையானது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும், படிந்திருக்கும் கறியுப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே நீராகக் கரையத் தொடங்கும். அந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். மயிரிழை இடைவெளியில் ஓடும் இரண்டு செப்புத் தடங்களுக்கிடையே அது ஒரு கள்ளப்பாதையைத் திறந்துவிடும். செம்பு பச்சை நிறமாகப் பூத்து அரிபடும். பொத்தானை அழுத்தினால் வேறொரு விளக்கு எரியும். இயந்திரம் பாதியில் நிற்கும். கடற்கரையில் நிகழும் பல பழுதுகளின் கதை இதுதான்.

முந்தைய தலைமுறை இயந்திரங்களில் இந்தத் தொல்லை இவ்வளவு இருக்கவில்லை. சிறிய மோட்டார் ஒன்று பற்சக்கரங்களை மெல்லச் சுழற்றும். அவை வரிசையாக ஆளிகளைத் திறந்து மூடும். அக்காலத்து நேரக் கட்டுப்பாட்டுக் கருவி அவ்வளவே. பழுதானால் கழற்றி, தொடுமுனைகளைத் தேய்த்துப் பூட்டலாம். 1971இல் இன்டெல் நிறுவனம் தனது முதலாவது நுண்செயலியை விற்பனைக்கு விட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்தப் பற்சக்கரங்களின் வேலையைச் சில்லுகள் படிப்படியாக ஏற்றுக்கொண்டன. இயந்திரம் புத்திசாலியானது; கூடவே நோஞ்சானும் ஆனது.

வெப்பமண்டல ஈரத்துக்கும் மின்கருவிக்குமான பகை புதிதன்று. ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியது 1942 ஏப்ரல் 9இல். அந்தப் போரில் கீழைத்தேயக் களங்களுக்கு வந்த வானொலிக் கருவிகள் எதிரியின் குண்டுக்கு முன்னரே ஈரத்தாலும் பூஞ்சணத்தாலும் செயலிழந்தன. நேசநாடுகளின் பொறியியலாளர் கண்ட மருந்து, கருவியின் உட்பாகங்களுக்கு மெல்லிய வார்னிஷ் பூசுவது. அச்சிட்ட மின்பலகையும் அக்காலத்துப் பிள்ளையே. ஒஸ்திரியாவில் பிறந்த பால் ஐஸ்லர் 1930களில் இலண்டனில் உருவாக்கிய அந்த உத்தி, போர்த் தேவைகளால் வளர்ந்தது. வார்னிஷுக்கு ஒரு நற்குணம் உண்டு: சுரண்டி நீக்கலாம், திருத்திய பின் மீண்டும் பூசலாம்.

எமது மக்களுக்குத் திருத்தும் கலையைக் கற்பித்தது பெரும்பாலும் தட்டுப்பாடு. 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், பழுதான பொருளை வீசுவது எவருக்கும் தோன்றாத எண்ணம். 1990இல் மீண்டும் போர் மூண்டபின் யாழ். குடாநாட்டில் மின்சாரம் நின்றது; பற்றரியும் பெற்றோலும் தடைப்பட்டியலில் இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அது. செய்தி எழுதிப் பிழைக்கும் என் போன்றோர், அவ்வளவு பாடுபட்டுச் செய்தி கேட்ட அந்த வாசகர்களுக்குக் கடமைப்பட்டவர்கள்.

அந்தக் கை இன்றைய மின்பலகையிலும் வேலை செய்யக்கூடியதே. உப்பையும் பச்சைப் பூப்பையும் ஐசோபுரோபைல் அல்ககோலில் தோய்த்த தூரிகையால் துடைக்கலாம். ரிலேயின் கால்களில் வெடித்த ஈயப்பற்றை மீண்டும் உருக்கலாம். வீங்கிய கொள்ளளவியை மாற்றலாம். ஆனால் பலகை எரிந்ததற்கான மூலகாரணம் பல வேளைகளில் வெளியே இருக்கும். நீர் வெளியேற்றும் பம்பி குறுஞ்சுற்றாகிப் பலகையை எரித்திருந்தால், பம்பியைச் சோதிக்காமல் பூட்டும் புதிய பலகையும் எரியும். இன்னோர் எச்சரிக்கையும் அவசியம். பல பலகைகளில் குறைந்த மின்னழுத்தப் பகுதியும் 230 வோல்ட் இணைப்பிலிருந்து பிரிக்கப்படாமலே இருக்கும். செருகியைக் கழற்றிய பின்னும் கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கும். அறியாதவர் தொடலாகாது.

இவ்வளவும் பலகை கைக்கு எட்டினால் மட்டுமே. இன்று பல இயந்திரங்களில் பலகை முழுவதும் பிசினில் மூழ்கி, கட்டியாக இறுகி வருகிறது. உப்பிலிருந்தும் ஈரத்திலிருந்தும் அது நன்றாகவே காக்கும். கடற்கரை வீட்டுக்கு அது வரம். ஆனால் உள்ளே சில ரூபாய்ப் பெறுமதியான உறுப்பு ஒன்று பழுதானாலும் முழுப் பலகையையும் வாங்கச் சொல்வார்கள். பலகை கிடைக்காவிட்டால் இயந்திரமே பழைய இரும்புக்குப் போகும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் 1 முதல் சலவை இயந்திரங்களின் உதிரிப்பாகங்களைக் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு வழங்கும்படி சட்டம் செய்தது. நல்ல காரியம். எனினும் கதவு, அதன் அடைப்பு போன்றவை வீட்டுக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்ற அந்த விதி, மின்பலகையையும் மென்பொருளையும் தொழில்முறைத் திருத்துநருக்கு மட்டுமே உரியனவாக வகுத்தது. இலங்கையிலோ அத்தகைய காப்பு எதுவுமே இல்லாத நிலையில் 2022ஆம் ஆண்டு வந்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு. புதிய பலகை வாங்குவது பலருக்கும் எட்டாக்கனியாயிற்று. மீண்டும் கைகொடுத்தவர்கள், சிறு கடைகளில் ஈயக்கோலுடன் அமர்ந்திருந்த திருத்துநர்களே.

முன்னைய தட்டுப்பாடுகளுக்கும் இன்றைய நிலைக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அன்று பொருள் கிடைக்கவில்லை. கையும் அறிவும் தடையின்றி இருந்தன. இன்று பொருள் கடையில் நிறைந்திருக்கிறது. கை நுழையும் வழி அடைபடுகிறது. பிள்ளைகள் கழற்றிப் பார்க்க எதுவும் இல்லாத வீட்டில் அடுத்த திருத்துநர் உருவாக மாட்டார். உப்பைத் தடுக்கும் பூச்சு, திருத்துவோர் கையையும் தடுக்க வேண்டும் என்ற நியதி இல்லை. சுரண்டி எடுக்கக்கூடிய வார்னிஷ், சுற்று வரைபடம், தனியாக விற்கப்படும் உறுப்புகள்: உப்புவெளி போன்ற ஊர்கள் உற்பத்தியாளரிடம் கேட்க வேண்டியவை இம்மூன்றுமே. எண்பது ஆண்டுகளுக்கு முன் போர்க்களத்துக்குச் செய்து கொடுக்க முடிந்ததை, வீட்டுக்குச் செய்து கொடுக்க முடியாது என்பதை எவ்வாறு ஏற்பது?