வயதான காலத்தில் தேவைப்படாத ஆயுள் பாலிசி: விற்க முடியுமா?

லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் முதல் ஜெயங்கொண்டம் வரை, வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் நம் பகுதியில் ஏராளம். சம்பாதித்த காலத்தில் தெரிந்த ஏஜென்ட் கேட்டார் என்று எடுத்த ஆயுள் பாலிசி பலர் வீட்டில் இருக்கிறது. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், குமர் காரியங்களும் முடிந்துவிட்டன. சம்பளம் நின்றுவிட்டது, பிரீமியம் மட்டும் நிற்கவில்லை. "இதை யாரிடமாவது விற்றுவிடலாமா?" என்று கேட்பவர்களுக்காக இந்தத் தகவல்கள்.

வெளியாளுக்கு விற்பது

அமெரிக்காவில் ஆயுள் பாலிசியை இன்னொருவருக்கு விற்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1911-லேயே தீர்ப்பளித்தது. அங்கே வயதானவர்களின் பாலிசிகளை வாங்குவதே தனித் தொழிலாக நடக்கிறது.

இந்தியாவில் 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 38-வது பிரிவு, பாலிசியை மற்றவர் பெயருக்கு மாற்றித் தர (அசைன்மென்ட்) அனுமதிக்கிறது. இதைக் கொண்டு 'இன்ஷ்யூர் பாலிசி பிளஸ்' என்ற நிறுவனம் மக்களிடமிருந்து பாலிசிகளை வாங்கியது. அந்த மாற்றங்களைப் பதிவு செய்ய எல்.ஐ.சி. மறுத்தது. மும்பை உயர் நீதிமன்றம் 2007-லும், உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரிலும் அந்த நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தன. ஆனால் அதற்குள் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. பாலிசி வியாபாரத்துக்காகச் செய்யப்படும் மாற்றத்தை கம்பெனி நிராகரிக்கலாம் என்று 2015 திருத்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே இன்று வெளியாளுக்கு விற்கும் வழி நடைமுறையில் அடைபட்டுவிட்டது.

உள்ள வழிகள்

1. சரண்டர்: பாலிசியைக் கம்பெனியிடமே ஒப்படைத்து, அன்றைய மதிப்பை வாங்கிக்கொள்வது. அத்துடன் காப்பு முடிந்துவிடும்.

2. பெய்டு-அப்: பிரீமியத்தை மட்டும் நிறுத்திவிட்டு, பாலிசியைக் குறைந்த தொகைக்கு வைத்திருப்பது. அந்தத் தொகை முதிர்வின்போதோ இறப்பின்போதோ கிடைக்கும்.

3. குடும்பத்துக்குள் மாற்றுவது: மகன் போன்ற உறவினருக்கு அசைன்மென்ட் செய்து தரலாம். அதன்பின் பாலிசிக்கு அவரே உரிமையாளர். முன்பு எழுதிய நாமினி நியமனம் தானாக ரத்தாகிவிடும்.

4. பாலிசி கடன்: சரண்டர் மதிப்பின் பேரில் கிடைக்கும். இதற்கு வட்டி உண்டு என்பதால் நம்மில் பலருக்கு இது ஒத்துவராது.

வெறும் டேர்ம் பாலிசிக்குப் பொதுவாக சரண்டர் மதிப்பு கிடையாது. தேவையில்லை என்றால் பிரீமியத்தை நிறுத்துவதுதான் வழி.

ஒரு கணக்கு

உதாரணத்துக்கு, 5 லட்சம் ரூபாய்க்கு 20 வருட பாலிசி, வருடம் 25,000 ரூபாய் பிரீமியம், 12 வருடம் கட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கட்டிய தொகை 3 லட்சம்.

பழைய எல்.ஐ.சி. பாலிசிகள் பலவற்றில், முதல் வருட பிரீமியத்தைக் கழித்து மீதியில் 30 சதவீதம்தான் உத்தரவாத சரண்டர் மதிப்பு. இந்தக் கணக்கில் அது 82,500 ரூபாய். சேர்ந்த போனஸுக்கு இன்றைய மதிப்பு தனி. 'சிறப்பு சரண்டர் மதிப்பு' என்ற இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டில் எது அதிகமோ அதைத் தருவார்கள்.

இதே பாலிசியை பெய்டு-அப் ஆக்கினால் 20-க்கு 12 என்ற விகிதத்தில் 3 லட்சமும், அதுவரை சேர்ந்த போனஸும் நிற்கும். ஆனால் பணம் கைக்கு வர இன்னும் 8 வருடம் ஆகலாம். முதிர்வுக்கு ஓரிரு வருடமே இருந்தால் சரண்டர் பெரும்பாலும் நஷ்டம்.

கையெழுத்துப் போடும் முன்

* சரண்டர் மதிப்பு, பெய்டு-அப் தொகை, முதிர்வுத் தொகை மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஊர்களிலும் எல்.ஐ.சி. கிளைகள் உள்ளன.
* பாலிசிதாரருக்குக் கடுமையான நோய் இருந்தால் அவசரப்பட வேண்டாம். இறப்புத் தொகை, சரண்டர் தொகையைவிட மிக அதிகமாக இருக்கலாம்.
* மனைவிக்கு வேறு வருமானம் உண்டா என்று பாருங்கள். அவருக்கு அந்தப் பணம் தேவைப்படும் என்றால் அது தேவையில்லாத பாலிசி அல்ல.
* பழைய 'ஜீவன் ஆனந்த்' பாலிசியில் முதிர்வுப் பணம் வாங்கிய பிறகும், பிரீமியம் இல்லாமலேயே காப்பு ஆயுள் முழுவதும் தொடரும். பத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.
* மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் (1874) கீழ் மனைவி, மக்கள் பெயரில் எடுத்த பாலிசியைக் கணவர் தன் விருப்பப்படி சரண்டர் செய்ய முடியாது. முஸ்லிம்கள் எடுத்த பாலிசிக்கும் இது பொருந்தும்.

அசல் பத்திரம், ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை தேவைப்படும்.

மார்க்கத்தின் பார்வையில்

ஜித்தாவில் 1985 டிசம்பரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் வாங்கும் வணிக இன்சூரன்ஸ் கூடாது என்றும், அதற்கு மாற்று கூட்டுறவு முறை இன்சூரன்ஸ் என்றும் தீர்மானித்தது. இதை அறிந்து பாலிசியை முடித்துக்கொள்ள நினைப்பவர்கள், கட்டிய தொகை எவ்வளவு, மேல் வரும் தொகை எவ்வளவு என்ற பட்டியலைக் கிளையில் வாங்குங்கள். மேல் தொகையை என்ன செய்வது, ஜகாத் கணக்கு எப்படி என்பதை அந்தப் பட்டியலோடு ஊர் ஆலிமிடம் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

போனில் வரும் ஆசை வார்த்தை

"உங்கள் பாலிசிக்கு போனஸ் வந்திருக்கிறது, முதலில் வரி கட்டுங்கள்", "பழையதை சரண்டர் செய்து புதியது எடுங்கள்" என்று வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) யாருக்கும் போனஸ் கொடுப்பதில்லை, பாலிசி விற்பதும் இல்லை. அதன் இலவசப் புகார் எண் 155255.

கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்த புகாருக்கு ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.