ஓசூர் – கிருட்டினகிரி எல்லைப் பகுதியில் கத்தோலிக்கச் சிறுபான்மையினரின் சமுதாய நிலை

முன்னுரை

இலக்கண உரையாசிரியர்கள் 'பெரும்பான்மை', 'சிறுபான்மை' என்னும் சொற்களைப் பலவிடத்தும் ஆள்வர். மிகுதியாக வருவது பெரும்பான்மை. அருகி வருவது சிறுபான்மை. அருகி வருதல்பற்றி அது வழுவாகிவிடாது; விதியுள் அடங்கியதே ஆகும். இச்சொல் இந்நாளில் மக்கட்டொகுதியைக் குறிக்கும் அரசியற் சொல்லாயிற்று. சிறுபான்மை என்பது எண்ணிக்கையால் மட்டும் அமைவதா, அன்றி அரசு, சட்டம், மொழி, சாதி என்பவற்றால் காலந்தோறும் மாறியமைவதா என்பது ஆராயத்தக்கது. கன்னட நாட்டெல்லையை ஒட்டிய அஞ்செட்டி, ஓசூர், கிருட்டினகிரிப் பகுதிக் கத்தோலிக்கர் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண முயல்கின்றோம்.

மன்னர் காலம்

தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட்டு தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். அந்நூற்றாண்டின் இடைப்பகுதியில் இயேசு சபையைச் சார்ந்த சின்னமி, சீரங்கப்பட்டினத்தை நடுவாகக் கொண்டு மைசூர்ப் பணித்தளத்தைத் தொடங்கினார். அவர் கன்னடத்தில் இலக்கணமும் சமய நூலும் இயற்றியவர். மைசூர் மன்னர் ஆட்சி தமிழ் வழங்கும் நிலத்திலும் பரவியிருந்தமையின், அப்பணியும் இருமொழிப் பணியாகவே வளர்ந்தது. தருமபுரியை அடுத்த கோவிலூர் போன்ற ஊர்களின் பழைய கத்தோலிக்கக் குடிகள் இம்மரபினராவர்.

அக்காலத்து இவர்தம் நிலை மன்னரின் மனநிலையைச் சார்ந்திருந்தது. 1773இல் உரோமைத் தலைமையே இயேசு சபையைக் கலைத்தமையால் துணை குன்றிற்று. 1784இல் மங்களூர்க் கத்தோலிக்கர் திப்புவின் ஆணையால் சீரங்கப்பட்டினத்திற்குச் சிறைகொண்டு செல்லப்பட்டனர். பாரமகால் 1792இலும், ஓசூர்ப் பகுதி 1799இலும் ஆங்கிலக் கும்பினியாட்சிக்குட்பட்டன. 1799இன் பின் மைசூர் நாட்டில் சிதறிய கத்தோலிக்கரை ஒன்றுதிரட்டிய துபுவா பாதிரியார், 1823இல் தாயகம் திரும்பியபின், இந்நாட்டில் கிறித்துவம் வளர்தற்கு வழியில்லை என்று எழுதினார். சிதைவை நேரிற் கண்டவர் கூற்றாதலின் அதனைப் புறக்கணித்தல் இயலாது. எனினும், அவர் கண்டது மன்னர் ஆதரவை இழந்த ஒரு கூட்டத்தின் தளர்ச்சியே. பிற்கால வரலாறு அவர் முடிபிற்கு மாறாகச் சென்றது.

மறைமாவட்ட எல்லையும் மொழி எல்லையும்

மைசூர், 1850இல் தனி ஆளுகையாகவும் 1886இல் மறைமாவட்டமாகவும் அமைந்தது. 1930இல் கும்பகோணம், மைசூர், புதுச்சேரி ஆகியவற்றின் பகுதிகளைக் கொண்டு சேலம் மறைமாவட்டம் தோன்றிற்று; அதனினின்று 1997இல் தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. 1956இன் மாநிலச் சீரமைப்பிற்கு முன்னரே திருச்சபை எல்லை தமிழ்நிலத்தை நோக்கி நகர்ந்தமை ஈண்டு நோக்கத்தக்கது. ஆயினும் மக்கள் வழக்கு எல்லைக்கு அடங்குவதன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் இந்நிலத்தில், தொழில் தேடிப் பெங்களூர் செல்லும் ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம், இங்குச் சமயத்தாற் சிறுபான்மையாய் இருந்தது, அங்கு மொழியாலும் சிறுபான்மையாகின்றது. பெங்களூர் மறைமாவட்டத்தில் வழிபாட்டு மொழிபற்றிப் பல்லாண்டுகளாக எழுந்த பூசல் இதற்குச் சான்றாகும்.

சட்டம் அளித்ததும் மறுத்ததும்

சென்னை மாகாணத்தின் 1927ஆம் ஆண்டு வகுப்புவாரி ஆணை, பன்னிரண்டு பணியிடங்களுள் இரண்டனை ஆங்கிலோ இந்தியர்க்கும் கிறித்துவர்க்கும் ஒதுக்கிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு, கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினர்க்கு வழங்கிற்று. ஆயின் அதே 1950இல் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியற் சாதியாரை இந்துக்களாக வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அவ்வரையறையுட் சேர்க்கப்பட்டனர், கிறித்துவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியற் சாதியினின்று கிறித்துவரானோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே வைக்கப்பட்டுள்ளனர்.

இதன் விளைவை, எல்லைக்கு அப்பால் தமிழர் மிக்கு வாழும் கோலார் தங்கவயலின் தேர்தல் வழக்குகள் காட்டும். கிறித்துவத்திற்கு மாறி மீண்ட ஒருவர் தனித்தொகுதியில் நிற்றற்குத் தகுதியுடையரல்லர் என 1968இலும், சாதியார் மீள ஏற்றுக்கொண்டமையின் தகுதியுடையர் என 1975இலும் உச்சநீதிமன்றம் தீர்த்தது. சாதி, சமயம் மாறினும் முற்றும் நீங்குவதன்று என்பதை நீதிமன்றமே ஒருவாறு உணர்ந்தமை இதனாற் புலனாகும்.

குறை சட்டத்தில் மட்டும் உளதன்று. திருச்சபையினுள்ளும் தீண்டாமை நிலவுதலை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒரே பீடத்தின்முன் முழந்தாளிடுவோர் இறந்தபின் வேறு வேறு கல்லறைத் தோட்டத்தை நாடவேண்டியிருப்பின், அவர்தம்மை ஒரே சிறுபான்மை எனக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

தொழிற்பேட்டையும் புதிய நிலையும்

1971இல் சிப்காட்டு நிறுவனம் தோன்றியபின், ஓசூர் உழவர் ஊரென்னும் நிலை மாறித் தொழில் நகராயிற்று, 2019இல் மாநகராட்சியுமாயிற்று. தென்மாவட்டத்தினின்றும் கேரளத்தினின்றும் வந்தோர் ஆலயங்களிற் கலந்தனர். சிற்றூரில் ஒருவர் இன்னார் மகன், இன்ன தெருவினர் என்றே அறியப்பட்டார். ஆலைநகரில் தொழிற்றிறத்தால் அறியப்படுகின்றார். இது விடுதலையே. ஆயினும், திருமணப் பேச்சு எழுங்கால் பழைய தெருப்பெயர் மீண்டும் எழுதலைக் காண்கின்றோம்.

மொழியும் இம்மாற்றத்தைப் பதிவு செய்துள்ளது. 'வேதக்காரர்', 'வேதக்கோயில்' என்பன அயலார் இட்டு வழங்கிய பழம்பெயர்கள். 1962 முதல் 1965 வரை நிகழ்ந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்பின், இலத்தீன் வழிபாடு தமிழாயிற்று. 'பூசை' திருப்பலியாகவும், 'ஞானஸ்நானம்' திருமுழுக்காகவும், 'சுவிசேஷம்' நற்செய்தியாகவும் வழங்கலாயின. தனிக் குழுவின் மறைமொழி பொதுத்தமிழோடு இயைந்தமை, அம்மக்கள் பொதுச் சமுதாயத்தோடு இயைந்தமைக்கு அறிகுறியாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், எண்ணிக்கை பெரிதும் மாறாவிடினும் நிலை மாறும் என்பது பெறப்படும். மன்னர் காலத்தில் ஆதரவாலும், மறைப்பணியாளர் காலத்தில் ஆளுகையாலும், குடியரசுக் காலத்தில் சட்டத்தாலும், ஆலைக் காலத்தில் தொழிலாலும் அந்நிலை அமைந்தது. இந்நான்கினும் மாறாது எஞ்சியது சாதி ஒன்றே. 2022இல் நடுவணரசு இப்பட்டியற் சிக்கலை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி தலைமையில் ஆணையம் அமைத்தது. சட்டம் எவ்வாறு அமையினும், தன்னுட் சிறுபான்மையாய் நிற்போரை ஒரு சிறுபான்மை எவ்வாறு நடத்துகின்றது என்பதே அதன் நிலையை அளக்கும் கோலாம் என்பது எம் துணிபு. இப்பகுதி ஊர்களின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளை முறையாகத் தொகுத்தாராயின், ஆய்வு மாணவர் இத்துணிபை வலியுறுத்தவோ மறுக்கவோ இயலும்.