விட்ட குறையும் தொட்ட கையும்

நாவல் ஒன்று பாதியில் நிற்க, அதனை எழுதிவந்தவர் மறைந்துவிட்டால், மீதிக் கதைக்கு உரியவர் யார்? "ஆசிரியருடன் கதையும் முடிந்தது, பிறர் அதில் கைவைத்தல் தகாது" என்பர் ஒரு சாரார். "கதை படிப்போரின் பொருள், அதை அந்தரத்தில் விடுதல் அவர்களுக்கு இழைக்கும் அநீதி" என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கு நேற்று முளைத்ததன்று. ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக நம் நாட்டிலும், பின்னர் மேல்நாட்டிலும் நடந்துவருவது. இதில் நாம் கொள்ளத்தக்க கருத்து யாது என்பதை வரலாற்றை முன்வைத்து ஆராய்வோம்.

கல்கியும் ஆனந்தியும்

தமிழில் இவ்வினாவை வலிமையுடன் எழுப்பிய நிகழ்ச்சி 1954-ஆம் ஆண்டில் நேர்ந்தது. 1950-இல் தொடங்கி வாரந்தோறும் வெளிவந்த "பொன்னியின் செல்வன்" அவ்வாண்டு மே மாதத்தில் நிறைவெய்திற்று. அவ்வாண்டிலேயே "அமரதாரா" என்னும் நாவலையும் கல்கி அவர்கள் தம் பத்திரிகையில் எழுதிவந்தார். அக்கதை முற்றுப்பெறுமுன், டிசம்பர் 5-ஆம் நாள் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 55.

தொடர்கதை படிப்போரின் நிலையை ஈண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். முழு நூலை வாங்குபவன் முடிவையும் சேர்த்தே வாங்குகிறான். தொடர்கதை படிப்பவனோ, முடிவு வரும் என்னும் நம்பிக்கை ஒன்றையே கொண்டு வாரந்தோறும் காசு கொடுக்கிறான். அந்நாளில் தமிழ்நாட்டு வார இதழ்கள் கப்பலேறி வந்து பினாங்குத் துறையில் இறங்கின. தோட்டத்து லயங்களில் ஒரு பிரதி பல வீடுகள் சுற்றும். எழுத்தறிந்த ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பர். பால்வெட்டி அலுத்து வந்தவர்க்கு அதுவே கல்வி, அதுவே களிப்பு. அத்தகையோர்க்கு ஆசிரியரின் மறைவு இரட்டை இழப்பாயிற்று. மனிதரும் போனார், கதையும் நின்றது.

கதையைத் தொடர்ந்தவர் கல்கியின் மகள் ஆனந்தி. தந்தையார் விட்டுச்சென்ற குறிப்புகளைத் துணைக்கொண்டு அவர் "அமரதாரா"வை எழுதி முடித்தார். தமிழுலகம் போற்றிய பெரும் எழுத்தாளரின் இருக்கையில், துயரம் ஆறுமுன் அமர்ந்து எழுதுதல் எளிதான செயலன்று. நன்றாக அமைந்த இடத்தைப் படித்தவர், "இது தந்தையின் குறிப்பு" என்பர். தளர்ந்த இடத்தைக் கண்டவர், "இது மகளின் கை" என்பர். எழுதுபவருக்குப் புகழ் தராத பணி அது. நூற்பட்டியல்களில் இன்றும் "அமரதாரா" பெரும்பாலும் கல்கியின் நூலாகவே நிற்கிறது. ஆனந்தியின் பெயரை நினைப்பவர் சிலரே. ஒருவர் அரைகுறையாய் விட்டதை முழுமையாக்கிய கைக்கு உலகம் கொடுக்கும் கூலி இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றுகிறது.

பாணரின் மைந்தர்

பிள்ளை தந்தையின் கதையை முடித்தது இதுவே முதன்முறையன்று. ஏழாம் நூற்றாண்டில், ஹர்ஷ மன்னரின் அவையில் விளங்கிய பாணர் "காதம்பரி" என்னும் உரைநடைக் கதையை வடமொழியில் எழுதினார்; முடிக்குமுன் இறந்தார். அவருடைய மகன் பிற்பகுதியை எழுதி நிறைவு செய்தார். அம்மைந்தரின் பெயரே பூஷணர் என்றும் புலிந்தர் என்றும் பலவாறு வழங்குகிறது. தம் பகுதியின் முகப்பில் அவர் கூறும் காரணம் கருதத்தக்கது. தந்தை மறைந்ததும் கதையின் இழை அறுந்தது. அது கண்டு நல்லோர் வருந்தினர். அவ்வருத்தம் தீர்க்கவே எழுதுகிறேன், கவிச்செருக்கால் அன்று என்பது அவர் உரையின் கருத்து.

மராத்தியிலும் கன்னடத்திலும் நாவல் என்னும் இலக்கிய வகைக்கே "காதம்பரி" என்று பெயர். இந்திய மொழிகள் இரண்டு தம் நாவலுக்குப் பெயர் தேடியபோது, இருவர் கைபட்டு நிறைந்த ஒரு நூலின் பெயரையே எடுத்துக்கொண்டன. இதனினும் பெரிய சான்று வேறு வேண்டுவதில்லை. பிறர் முடித்த காரணத்தால் ஒரு நூல் இழிந்துவிடுவதில்லை.

தெலுங்கு நாட்டு வரலாறு இன்னும் நெடியது. பதினோராம் நூற்றாண்டில் இராசமகேந்திரபுரத்தை ஆண்ட இராசராச நரேந்திரனின் ஆதரவில் நன்னயர் பாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். இவ்வரசன் நம் தஞ்சை இராசராச சோழனின் மகள் வயிற்றுப் பேரன். நன்னயரின் பாடல் ஆரணிய பருவத்தின் நடுவே நின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த திக்கனர் விராட பருவம் முதல் எஞ்சிய பருவங்களைப் பாடினாரேயன்றி, இடையில் நின்ற குறையைத் தொடவில்லை. அக்குறையை நிரப்பியவர் பதினான்காம் நூற்றாண்டின் எர்ரனர். அவர் தம் பகுதியைத் தம் காலத்து மன்னனுக்குக் காணிக்கையாக்கவில்லை. முந்நூறு ஆண்டுகட்கு முன் மறைந்த நன்னயரின் புரவலனுக்கே உரிமையாக்கினார். நன்னயரின் நடையில் தொடங்கிச் சிறிது சிறிதாகத் திக்கனரின் நடைக்கு இறங்கி வருகிறார் என்று அறிஞர் அவரைப் பாராட்டுவர். முன்னும் பின்னும் நிற்கும் இரு மதில்களுக்கு இடையே, இரண்டிற்கும் ஒப்பக் கல்லடுக்கிய கொத்தன் போன்றவர் அவர்.

தமிழிலோ கம்பர் ஆறு காண்டங்களுடன் நிறுத்தினார். ஏழாவதாகிய உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பாடியது என்பது மரபு; வாணியன் தாதன் பாடியது என்பாரும் உளர். கூத்தர் தம் இராமாயணத்தைத் தாமே கிழித்தெறிந்தபோது கம்பர் தடுத்து இக்காண்டத்தைக் காத்தார் என்பது கதை, வரலாறன்று. எனினும் அக்கதைக்குள் ஒரு நாகரிகம் உண்டு. இருவர் செய்ததை ஒருவர் தலையில் ஏற்றாமல், "இது கம்பர் வாக்கு, இது பிறர் வாக்கு" என்று பிரித்து நினைவில் வைத்தது தமிழ்ச் சமூகம்.

ஆவி எழுதிய நாவல்

இனி மேல்நாட்டைக் காண்போம். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1870-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் இறந்தார். அப்போது அவர் "எட்வின் ட்ரூட் மர்மம்" என்னும் கதையை மாதந்தோறும் வெளியிட்டு வந்தார். பன்னிரண்டு பகுதிகளாகத் திட்டமிட்ட கதையில் ஆறு பகுதிகளே எழுதப்பட்டிருந்தன. கதையில் இலங்கையிலிருந்து வந்த இரட்டையரான ஓர் இளைஞனும் அவன் தங்கையும் இடம்பெறுகின்றனர். ட்ரூட் என்பவன் காணாமற் போகிறான். கொல்லப்பட்டானா, கொன்றவன் யார் என்பவற்றை ஆசிரியர் தம்முடனே கொண்டு போய்விட்டார்.

விடுவரோ மற்றவர்? 1873-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் அச்சுத் தொழிலாளி ஒருவர், டிக்கன்ஸின் ஆவி தம் கையைப் பிடித்து எழுதியது என்று சொல்லி முழு நாவலையும் அச்சிட்டு விற்றார். கற்றோர் நிறைந்த நாட்டிலும் இச்சரக்கு விலைபோயிற்று! பேயின் பெயரால் பணம் பறித்தல் நம் ஊர்ப் பூசாரிக்கு மட்டும் உரிய தொழில் என்று எவரும் எண்ணற்க. 1914-இல் லண்டன் நகரில் இக்கதையின் ஜாஸ்பர் என்னும் பாத்திரத்தின்மீது விளையாட்டாகக் கொலை வழக்கு நடத்தினர். செஸ்டர்டன் நீதிபதியாகவும், பெர்னார்ட் ஷா ஜூரித் தலைவராகவும் அமர்ந்தனர். 1985-இல் இதனை இசை நாடகமாக்கியபோது, கொலையாளி யார் என்பதைச் சபையோரே வாக்களித்து முடிவு செய்யும்படி அமைத்தனர். வாக்குக் கேட்ட நாடகக்காரரின் நேர்மை, ஆவியைச் சாட்சிக்கு அழைத்தவரிடம் இல்லை. முன்னவர் தம் முடிவு தம்முடையது என்று ஒப்புக்கொண்டனர். பின்னவர் அதனை இறந்தவர் தலையில் கட்டினார்.

ஜேன் ஆஸ்டின் அம்மையார் செய்தி வேறு வகையினது. 1817-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் தொடங்கிய "சாண்டிட்டன்" என்னும் கதை, நோயின் காரணமாக மார்ச் மாதத்திலேயே நின்றது. ஜூலையில் அவர் இறந்தார். அதற்கு முன்னரே அவர் கைவிட்டிருந்த "வாட்ஸன் குடும்பத்தார்" என்னும் கதையை, அவர் இறந்த மறு ஆண்டில் பிறந்த அண்ணன் மகள் காதரின் ஹப்பக் தமக்கேற்றவாறு விரித்து 1850-இல் நாவலாக வெளியிட்டார். ஈண்டும் குறையை முடித்தது குடும்பத்துப் பெண்ணே என்பதைக் கவனிக்க. 1975-இல் "சாண்டிட்டன்" கதையை நிறைவு செய்த ஒருவர், தம் பெயரைக்கூடக் கூறாது "மற்றொரு பெண்மணி" என்று மட்டும் அட்டையில் குறித்தார். 2019-இல் தொலைக்காட்சியில் அக்கதை தொடராக வந்தபோது, ஆஸ்டின் எழுதிய பகுதி தொடக்கத்திலேயே தீர்ந்துபோக, மீதியெல்லாம் இக்காலத்தார் கற்பனையாயிற்று.

கோடு கிழித்தல்

இத்துணை வரலாறும் நமக்கு உணர்த்துவது யாது? பிறர் கதையை முடித்தல் குற்றமன்று. எங்கு முன்னவர் கை நின்றது, எங்குத் தம் கை தொடங்கியது என்பதை மறைத்தலே குற்றம்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் எம்மனோர்க்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கிராணி மாற்றலாகிப் போய் வேறொருவர் வந்தால், புதியவர் பழைய கணக்கை அழித்து எழுதுவதில்லை. முன்னவரின் கடைசி வரிக்குக் கீழே கோடு கிழித்து, தேதியும் கையொப்பமும் இட்டுப் பின்னரே செக்ரோலைத் தம் கையெழுத்தில் தொடர்வார். கோடு இல்லையாயின் இருவர் பிழையும் ஒன்றாய்க் கலந்துவிடும். உழைத்தவன் பேர் எவ்விடத்தில் விடுபட்டது என்று கண்டுபிடிக்க இயலாது. ஒரு நாள் கூலிக்கு இத்துணைக் கவனம் வேண்டுமாயின், ஒரு மொழியின் செல்வத்திற்கு எத்துணைக் கவனம் வேண்டும்!

கோடு கிழிப்பதால் இரு நன்மைகள் உண்டு. முன்னவரின் எழுத்து மாசுபடாமல் நிற்கிறது. பின்னவரின் உழைப்பும் பெயரற்றுப் போகாமல் நிற்கிறது. பாணரின் மகன் தம் முன்னுரையால் அக்கோட்டைக் கிழித்தார். ஆனந்தியின் பெயரை "அமரதாரா"வின் அட்டையிலேயே தந்தையார் பெயருக்கு அடுத்து அச்சிடுவதே பதிப்பாளர்க்கு முறை. படிப்போராகிய நாமும் அதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

முடிந்த கதையைத் தொடர்வது இதனின் வேறானது. "பொன்னியின் செல்வன்" முற்றுப்பெற்ற நாவல். எனினும் கதை நிற்குமிடத்தில் அரியணை ஏறுபவன் உத்தம சோழனே. இராசராசன் முடிசூடியது 985-இல். அவன் மகன் இராசேந்திரன் கடாரத்தின்மீது கப்பற்படை அனுப்பியது 1025-ஐ ஒட்டி. நம் பினாங்கிற்கு எதிர்க்கரையில் விளங்கும் கெடாவே அக்கடாரம் என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. ஆகவே நம் மண்ணின் பேர் வரும் அத்தியாயம் கல்கி நிறுத்திய இடத்திற்கு அப்பால் கிடக்கிறது. அக்கதையைத் தொடர்ந்து "நந்திபுரத்து நாயகி"யை எழுதினார் விக்கிரமன் அவர்கள். தம் நூலுக்குத் தனிப் பெயரிட்டுத் தம் பெயரிலேயே வெளியிட்டமையால், அவர் வெற்றி தோல்வி இரண்டும் அவருடையனவாயின. அது நேர்மை.

காத்திருக்கும் சந்திரிகை

இறுதியாக, இன்னும் அந்தரத்தில் நிற்கும் ஒரு கதையைக் குறித்துச் சொல்லுதல் வேண்டும். 1921-இல் மறைந்த பாரதியார் "சந்திரிகையின் கதை"யை முடிக்காமலே விட்டுச்சென்றார். நிலநடுக்கத்தில் தாயை இழந்த பச்சிளங் குழந்தை சந்திரிகை. அவளை வளர்ப்பவள் இளமையிலேயே விதவையான அவள் அத்தை விசாலாட்சி. விதவை மறுமணம் என்னும் பேச்செடுத்தாலே ஊர் விலக்கிய காலத்தில், விசாலாட்சியின் மறுமணத்தைக் கதையின் நடுவே நிறுத்தினார் பாரதியார். ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரேசலிங்கம் பந்துலு ஆகிய உண்மைச் சீர்திருத்தக்காரரையே பாத்திரங்களாக்கி நடமாட விட்டார். ஆயினும் நூலுக்குப் பெயர் தந்த சந்திரிகை அதில் வளர்ந்து பெரியவளாகவில்லை. அத்தையின் தலைமுறைக்கு விடுதலை கேட்ட கவிஞர், அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கு என்ன எண்ணியிருந்தார் என்பது எழுதப்படாமலே நின்றது.

"பாரதியைத் தொட எவருக்குத் தகுதி உண்டு?" என்று சிலர் சினக்கலாம். 1948-இல் மறைந்த புதுமைப்பித்தனும் "அன்னை இட்ட தீ"யை முடிக்காது விட்டார். அவருடைய நடையை இரவல் வாங்கி எழுதுதல் ஆகாத காரியம் என்று இவர்கள் சான்று காட்டுவர். மெய்தான். நடையை இரவல் வாங்க வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. பாரதியாரின் கடைசிச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு; அதன்பின் எழுதுபவர் பெயர்; அதன்பின் அவர்தம் சொந்தத் தமிழ். இதனால் மூலத்தின் ஓர் எழுத்தும் குறைவுபடாது.

நம் நாட்டுச் சங்கங்களும் பள்ளிகளும் ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் வைக்கின்றன. தலைப்புகளோ பெரும்பாலும் பழையனவே. ஓராண்டேனும் இளைஞர் கையில், சிறப்பாக இளம் பெண்கள் கையில், "சந்திரிகையின் கதை"யைக் கொடுத்து, "இவள் வளர்ந்து என்ன ஆனாள்? எழுதுங்கள்" என்று கேட்பாராக. வருபவற்றில் பத்தில் ஒன்பது மறக்கப்படினும் கேடில்லை. தோட்டத்துப் பள்ளியில் படித்த ஒரு பெண் எழுதும் முடிவு, பாரதியாரே எழுதியிருக்க இயலாத ஒன்றாக இருத்தல் கூடும். ஏனெனில் அவர் கனவாகக் கண்ட தலைமுறையில் அவள் வாழ்கிறாள்.