கிளச்சுத் தகடும் பெயரில்லாக் கல்லறையும்

மோட்டார் வண்டியின் பழைய எஞ்சினைக் கழற்றி வேறொன்றைப் பூட்டும் கராஜுத் தொழிலாளி, தேய்ந்த கிளச்சுத் தகட்டை மீண்டும் உள்ளே வைப்பதில்லை. தகட்டின் விலையைக் காட்டிலும், எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பிரித்தெடுக்கும் உழைப்பே பெரிது. ஆதலால், பிரித்த வேளையிலேயே தகட்டையும், அதனை அழுத்தும் மூடியையும், விடுவிக்கும் பெயரிங்கையும் மாற்றிவிடுவது தொழிலறிந்தோர் வழக்கம். அவ்வேளையில் கிளச்சுக் கூட்டினுள்ளே கரிய தூசி படிந்திருக்கக் காணலாம். ஆண்டுக்கணக்காகத் தேய்ந்த தகட்டின் மிச்சமே அது. அந்தத் தூசிக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

எஞ்சினோ இடைவிடாது சுழல்வது. சில்லோ நின்று நின்று புறப்படுவது. இவ்விரண்டையும் அதிர்ச்சியின்றி இணைக்கவும் பிரிக்கவும் உராய்வு வேண்டும். ஆதிகால வண்டிகள் பலவற்றில் தோல் போர்த்த கூம்புக் கிளச்சு இருந்தது. தோல் சூட்டிலே கருகும். எண்ணெய் பட்டால் வழுக்கும். இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்தில் 1897இல் ஹேர்பேட் புறூட் என்பவர் தொடங்கிய தொழில், பின்னர் பெரோடோ என்னும் பெயரில் வளர்ந்தது. குதிரை வண்டிக்குத் தடைக்கட்டை செய்தவர், 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே, தீயில் வேகாத கல்நாரைப் பிசினோடு சேர்த்து உராய்வுப் பொருள் செய்தார். நாம் அஸ்பெஸ்டஸ் என்று வழங்குவது இக்கல்நாரைத்தான். தடைக்கட்டைக்கும் கிளச்சுத் தகட்டுக்கும் அதுவே ஏற்ற பொருளாயிற்று.

இது மனித அறிவின் வெற்றி என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் அவ்வெற்றிக்கு விலை கொடுத்தவர் யாவர்?

லங்காஷயர் மாவட்டத்து றொச்டேல் நகரிலே, டேர்னர் சகோதரர் கம்பனியின் கல்நார் ஆலையில் நெலி கேர்ஷோ என்னும் பெண் நூல் நூற்றார். 1924 மார்ச்சில், தமது 33ஆம் வயதில், நுரையீரல் நோயால் மாண்டார். அவரது நுரையீரலைச் சோதித்த டொக்டர் குக், அதனுள்ளே கல்நார்த் துகள்களைக் கண்டு, அவ்வாண்டிலேயே பிரித்தானிய வைத்தியச் சஞ்சிகையில் எழுதினார். கம்பனியோ பொறுப்பேற்க மறுத்தது. அடக்கச் செலவுக்கும் உதவவில்லை. பெயர் பொறியாத கல்லறையில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். அக்கம்பனியை உள்ளிட்ட கூட்டு நிறுவனமே, 1920களின் நடுப்பகுதியில், பெரோடோவையும் தன்னுடையதாக்கிக் கொண்டது.

1930இல் மெறிவெதர், பிறைஸ் என்னும் இருவர் அரசாங்கத்துக்கு அறிக்கை சமர்ப்பித்தனர். சோதிக்கப்பட்ட 363 தொழிலாளரில் நால்வரில் ஒருவருக்கு மேல் இந்நோய் பற்றியிருந்தது. மறு ஆண்டில் விதிகள் பிறந்தன. ஆயின், அவை கல்நார்ப் பொருள்களை உற்பத்தி செய்யும் ஆலைகளின் சில வேலைகளையே காத்தன. செய்துமுடித்த தகட்டைக் கழற்றி மாற்றும் கராஜுத் தொழிலாளி அவற்றின் நிழலுக்கு வெளியே நின்றான். 1955இல் றிச்சர்ட் டோல் கல்நார்த் தொழிலாளரிடையே நுரையீரற் புற்றுநோய் மிகுதல் கண்டார். 1960இல் வாக்னரும் அவர் தோழரும் தென்னாபிரிக்கக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில், நுரையீரலைப் போர்த்த சவ்விலே எழும் புற்றுநோயர் 33 பேரைப் பற்றி எழுதினர். சுரங்கத்தில் இறங்காது அயலிலே வாழ்ந்தோரும் அவர்களுள் இருந்தனர்.

இவ்வளவும் அறிந்த பின்னரும் என்ன நடந்தது? நீலக் கல்நாரையும் பழுப்புக் கல்நாரையும் பிரித்தானியா 1985இல் தடைசெய்தது. உராய்வுத் தகடுகளில் பெரிதும் பயன்பட்ட வெண் கல்நாருக்கு 1999இல்தான் தடை வந்தது. அறிக்கைக்கும் அந்தத் தடைக்கும் இடையே 69 ஆண்டுகள்! அறியாமை இத்தாமதத்துக்குக் காரணம் அன்று. அறிவு சஞ்சிகைகளில் அச்சேறியிருந்தது. இலாபம் அதனைவிட உரத்துப் பேசியது.

உராய்வின் சூட்டிலே நாரின் பெரும்பகுதி உருமாறிவிடுகின்றது என்று கூறுவோர் உளர். அது மெய்யே. ஆயினும் உருமாறாது எஞ்சுவதும் உண்டு. நுரையீரலுக்குள் புகுந்த நாரை உடம்பு எளிதில் வெளியேற்றுவதில்லை. நோயோ பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். அப்போது, தொழிலாளி எந்த வண்டியின் கீழே கிடந்தான் என்பதை யார் நினைவு வைத்திருப்பர்?

மொறிஸ் மைனர் முதலிய பழைய பிரித்தானிய வண்டிகள் நம் நாட்டு வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் தகட்டிலே கல்நார் உண்டா இல்லையா என்பதைக் கண்ணால் கண்டு கூற முடியாது. ஆதலின், பழைய கிளச்சுக் கூட்டைத் திறக்குமிடத்து, காற்றுக் குழாயால் தூசியை ஊதுதல் தகாது; ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைக் கட்டி அப்புறப்படுத்தல் வேண்டும். கராஜிலே கைவேலை பழகும் சிறுவனுக்கு இதனைச் சொல்வதும் ஆசிரியரின் கடமையேயாகும்.

தகட்டைச் செய்தவரின் பெயரைத் தொழிற் சரித்திரம் காத்து வைத்திருக்கின்றது. அந்நாரை நூற்று மாண்டவளின் பெயரை நம் மாணவர் காத்து வைப்பாராக.