புஷாங் பண்ணை: பிள்ளைகள் இறங்கிய வயல்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைத் தளபதி ஹண்டர் வர்ஜீனியாவின் லெக்சிங்டனுக்குத் தீ வைத்த கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். ஹண்டர் ஏன் அங்கே வந்தார் என்றால், அவருக்கு முன் அந்தப் படையை நடத்திய ஸீகல் தோற்றுப்போனதால். ஸீகல் தோற்றது ஜேக்கப் புஷாங் என்ற விவசாயியின் வயலில். அந்த வயலைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

வடக்கின் தலைமைத் தளபதி கிராண்ட் 1864 மே மாதம் எல்லா முனைகளிலும் ஒரே நேரத்தில் படையை நகர்த்தியதையும், தெற்கின் தளபதி லீயின் சேனைக்குத் தானியம் தந்துகொண்டிருந்த ஷெனன்டோவா பள்ளத்தாக்கு ஸீகலின் பொறுப்பில் விடப்பட்டதையும் முன்பே பார்த்துவிட்டோம். அதனால் நேராக மே 15-க்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை. விட்டுவிட்டு மழை. நியூ மார்க்கெட் என்ற சின்ன ஊர். வடக்கே ஒரு மேடு. அதன் சரிவில் புஷாங் வீடு. வீட்டுக்குப் பின்னால் பழத்தோட்டம், தோட்டத்தைத் தாண்டினால் கோதுமை. குண்டு விழத் தொடங்கியதும் புஷாங் குடும்பம் வீட்டின் நிலவறைக்குள் இறங்கிவிட்டது.

ஃபிரான்ஸ் ஸீகலைக் கோமாளியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். பதற்றம் கூடியதும் ஆங்கிலத்தை மறந்து ஜெர்மனில் உத்தரவு போட்டார் என்ற கதையைச் சொல்லாத புத்தகமே இல்லை எனலாம். எனக்கு அவரிடம் மரியாதை உண்டு. 1849-ல் பாடன் நாட்டில் மன்னராட்சிக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர் அவர். நாடு கடந்து வந்தும் கொள்கையை விடவில்லை. ஆயிரக்கணக்கான ஜெர்மானியர்கள் வடக்குப் படையில் சேர்ந்ததற்கு அவர் பெயரும் ஒரு காரணம். ஆனால் படை நடத்தத் தெரியாது என்பதும் உண்மைதான். அன்று களத்தில் அவரிடம் சுமார் 6,300 பேர் இருந்தார்கள், எதிரியிடம் சுமார் 4,100 பேர். பெரிய சேனையை வைத்துக்கொண்டு, அதைத் துண்டு துண்டாகக் களத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு ஒஹாயோ ரெஜிமெண்டுகள் சாலையில் பின்தங்கி நின்றன. அவை வந்து சேர்வதற்குள் முடிவு தெரிந்துவிட்டது.

எதிரே நின்றவர் ஜான் பிரெக்கின்ரிட்ஜ். 36 வயதில் அமெரிக்காவின் துணை அதிபர் ஆனவர். இன்றுவரை அந்த நாற்காலியில் அவரைவிட இளையவர் உட்கார்ந்ததில்லை. 1860 தேர்தலில் லிங்கனை எதிர்த்து நின்றவரும் இவர்தான். பிறகு தென்பக்கம் சாய்ந்தார். துரோகி என்று செனட் அவரை வெளியேற்றியது. கையில் ஆள் போதாமல், லெக்சிங்டனில் இருந்த வர்ஜீனியா ராணுவக் கல்லூரி மாணவர்களை வரவழைத்தார். 15 வயதுப் பையன்களும் அதில் இருந்தார்கள். நான்கு நாளில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர் மழையில் நடந்து வந்த அந்த மாணவர்களில் 257 பேர் களத்தில் நின்றார்கள்.

அவர்களைக் கடைசிவரை பின்வரிசையிலேயே வைக்கத்தான் அவர் நினைத்தார். பிற்பகலில் வடக்குப் பீரங்கிகள் புஷாங் தோட்டத்தருகே தென்படையின் வரிசையைக் கிழித்தன. நடுவில் ஆள் இல்லாத ஓர் இடைவெளி விழுந்தது. கடவுள் தன்னை மன்னிக்கட்டும் என்று சொல்லிவிட்டு மாணவர்களை அனுப்பினார் என்பது வழிவழியாக வரும் கதை.

மாணவர்களின் தளபதி ஸ்காட் ஷிப் காயம்பட்டு விழுந்தார். பையன்கள் வீட்டின் இருபுறமும் பிரிந்து சென்று, தோட்டத்தில் மறுபடி ஒன்றுசேர்ந்து, வடக்கு வேலியோரம் படுத்தபடி சுட்டார்கள். எதிரி தளர்ந்த நேரம் பார்த்து எழுந்து வயலில் இறங்கினார்கள். உழுத நிலத்தில் மழைக்குப் பின் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், மண் எப்படிக் காலைப் பிடித்துக்கொள்ளும் என்று. காலணிகள் சேற்றிலேயே தங்கிவிட, பலர் வெறுங்காலோடு மேடேறினார்கள். ஒரு பீரங்கியையும் பிடித்தார்கள். ஸீகலின் படை ஆற்றைக் கடந்து, பாலத்தை எரித்துவிட்டு வடக்கே போய்விட்டது. டூபாண்ட் என்ற இளம் பீரங்கிக் கேப்டன் பின்னால் நின்று தடுத்திராவிட்டால் அதுவும் நடந்திருக்காது.

வடக்கில் 800-க்கும் மேல், தெற்கில் 500-க்கும் மேல் இழப்பு. கெட்டிஸ்பர்க் போன்ற பெரும் போரின் கணக்கோடு பார்த்தால் இது போரே இல்லை. மாணவர்களில் இறந்தவர்கள், பிறகு காயத்தால் இறந்தவர்களையும் சேர்த்து, பத்துப் பேர்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவன் தாமஸ் கார்லண்ட் ஜெஃபர்சன், வயது 17. அதிபர் ஜெஃபர்சனின் உறவு வழி வந்தவன். மார்பில் குண்டு. அவனைத் தேடிக் கண்டுபிடித்து, வண்டியில் ஏற்றி, ஊரில் கிளைன்டின்ஸ்ட் குடும்பத்தாரின் வீட்டில் சேர்த்தவன் மோசஸ் எசேக்கியேல். அந்தக் கல்லூரியில் சேர்ந்த முதல் யூத மாணவன். சாகப்போகும் நண்பன் வேதம் வாசிக்கச் சொன்னான். யூதப் பையன் புதிய ஏற்பாட்டைத் திறந்து யோவான் சுவிசேஷத்தை வாசித்தான். மே 18-ல் ஜெஃபர்சனின் உயிர் பிரிந்தது.

இந்த எசேக்கியேலை என்னால் விட முடியவில்லை. போருக்குப் பின் சிற்பியானார். பெர்லினில் படித்து, ரோமில் வாழ்ந்தார். நியூ மார்க்கெட் மாணவர்களுக்காக அவர் செய்த, துயரத்தில் அமர்ந்திருக்கும் வர்ஜீனியா அன்னையின் சிலை 1903-ல் கல்லூரியில் வைக்கப்பட்டது. பத்துப் பேரில் ஆறு பேர் அதன் அருகில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அது நேர்மையான சிலை, நண்பனை இழந்தவனின் கை அதில் தெரிகிறது. ஆனால் அதே கை 1914-ல் ஆர்லிங்டன் கல்லறையில் தென்படைக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியது. அதில் எஜமானின் குழந்தையை ஏந்தும் அடிமைப் பெண்ணும், எஜமானோடு போருக்கு நடக்கும் அடிமையும் விசுவாசத்தின் வடிவங்களாக நிற்கிறார்கள். அது பொய். நாற்பது லட்சம் மனிதர்களை விலைபேசி விற்ற ஏற்பாட்டைக் காக்கத்தான் தெற்கு போரிட்டது. அந்தச் சின்னத்தை 2023 டிசம்பரில் அகற்றினார்கள். திரும்ப வைக்கப்போவதாக 2025-ல் அறிவித்தார்கள். எசேக்கியேலின் உடல் 1921 முதல் ஆர்லிங்டனில்தான் இருக்கிறது.

பையன்களின் வீரம் மெய். அதைச் சொல்லிச் சொல்லியே, அவர்கள் எதற்காகச் செத்தார்கள் என்ற கேள்வியை மூடிவிட்டார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளை அந்தக் காரியத்துக்காகக் குண்டுக்கு முன் நிறுத்திய பிரெக்கின்ரிட்ஜை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

ஒரு வாரத்துக்குள் ஸீகலின் பதவி பறிபோனது. அந்த இடத்துக்கு டேவிட் ஹண்டர் வந்தார். ஜூன் 12 அன்று அவர் கொளுத்தியது இந்தப் பையன்களின் கல்லூரியைத்தான். அது அடுத்த வாரம்.